புரதத்தைக் குறிக்காத நோய்க்காரணி: பயிர்களிலும் அலங்காரச் செடிகளிலும் வைராய்டுகள்

ஆய்வுச்சுருக்கம்

வைராய்டுகள் 246 முதல் ஏறத்தாழ 430 நியூக்ளியோடைடுகள் வரை நீளமுள்ள, புரத உறையற்ற, வட்ட வடிவ ஒற்றையிழை ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் ஆகும். எந்தப் புரதத்தையும் உருவாக்கும் செய்தி இவற்றில் இல்லை. எனினும் தாவரச் செல்லுக்குள் சென்றதும் இவை பெருகிப் பரவி நோய் விளைவிக்கின்றன. உருளைக்கிழங்கின் கதிர்க்கிழங்கு நோய், பிலிப்பைன்ஸ் தென்னையின் காடாங்-காடாங் நோய், ஜப்பானிய ஹாப் குட்டை நோய், சாமந்திக் குட்டை நோய் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, வைராய்டின் நோய்த்திறன் அதன் வடிவத்திலும் ஓம்புயிர்ச் செல்லின் இயக்கத்திலும் தங்கியிருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நோயறிதலையும் தடுப்பையும் கடினமாக்குவது புரதமின்மை என்னும் அதே பண்புதான் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வைராய்டு, வட்ட ஆர்.என்.ஏ., ரைபோசைம், மரபணு ஒடுக்கம், காடாங்-காடாங், கதிர்க்கிழங்கு நோய், தாவர நோயறிதல்

முன்னுரை

நோய்க்காரணி ஒன்றை இனங்காணும்போது தாவர நோயியலாளர் வழக்கமாகத் தேடுவது ஓர் உயிரையோ உயிரின் ஒரு துகளையோ ஆகும். பூஞ்சையாயின் இழைகள் தென்படும். பாக்டீரியமாயின் வளர்ப்பூடகத்தில் வளரும். வைரசாயின் மின்னணு நுண்ணோக்கியில் அதன் துகள் புலப்படும். வைரசின் துகளில் மரபுப்பொருள் ஒன்றும் அதனைப் பொதிந்த புரத உறையும் இருக்கும். உறைப்புரதத்துக்கும் தன்னைப் படியெடுக்கும் நொதிக்கும் உரிய செய்திகளை அம்மரபுப்பொருளே தாங்கி நிற்கும். புகையிலைத் தேமல் வைரசின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 6,400 நியூக்ளியோடைடுகள் கொண்டது. அதன் பெரும்பகுதி புரதங்களைக் குறிப்பதற்கே பயன்படுகிறது.

வைராய்டில் உறை இல்லை, நொதி இல்லை, புரதத்துக்குரிய செய்தியும் இல்லை. உருளைக்கிழங்கைத் தாக்கும் வைராய்டின் நீளம் 359 நியூக்ளியோடைடுகளே. இது புகையிலைத் தேமல் வைரசின் பதினேழில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்துணைச் சிறிய, எதையும் ‘சொல்லாத’ மூலக்கூறு ஒன்று ஒரு தென்னையை எவ்வாறு கொல்கிறது என்பதே வைராய்டு ஆய்வின் மைய வினா. இவ்வினா அடிப்படை உயிரியலோடு நின்றுவிடுவதில்லை. நாற்றங்கால், ஒட்டுக்கட்டும் தோட்டம், விதைக்கிழங்கு வாணிகம், மலர் ஏற்றுமதி என எல்லா இடங்களிலும் அதன் விடைக்கு நடைமுறைப் பொருள் உண்டு.

கதிர்க்கிழங்கு நோயும் டீனரின் ஆய்வும்

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி முதலிய பகுதிகளில் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு கேடு பதிவானது. உருண்டு திரள வேண்டிய கிழங்கு இரு முனைகளிலும் கூம்பி, நூல் நூற்கும் கதிரைப் போல நீண்டுவிடும். செடியும் குறுகி நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலப் பெயரும் நூற்புக் கதிரை ஒட்டியே அமைந்தது. நோய் தொற்றக்கூடியது என்பது விரைவில் தெளிவாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத தொற்றுநோய் எதனையும் வைரசின் கணக்கில் எழுதுவது அக்கால வழக்கம். இதுவும் வைரஸ் நோய் எனவே நாற்பதாண்டுகள் கருதப்பட்டது.

இந்நோயை ஆய்வதில் இருந்த பெருந்தடை காலம். ஒரு சாற்றில் நோய்க்காரணி உளதா என அறிய உருளைக்கிழங்கில் அதனைத் தேய்த்துக் கிழங்கு விளையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962ஆம் ஆண்டில் வில்லியம் ரேமரும் மூரியல் ஓ’பிரையனும் இந்நோயைத் தக்காளிக்கு மாற்றிக் காட்டினர். தக்காளி இளஞ்செடியில் இலைச்சுருளும் குட்டைத்தன்மையும் சில வாரங்களிலேயே தோன்றின. வைராய்டின் கண்டுபிடிப்பு கருவிகளின் வளர்ச்சியால் நிகழ்ந்ததாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதற்கு வழி திறந்தது ஒரு தக்காளிச் செடி என்பதை நினைவிற்கொள்வது தகும்.

அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் பணிபுரிந்த, சுவிட்சர்லாந்தில் பிறந்த தியோடர் டீனர், ரேமருடன் சேர்ந்து இந்த ‘வைரசை’த் தூய்மைப்படுத்த முனைந்தார். வைரஸ் துகள்கள் அடியில் படிந்துவிடும் அளவுக்கு வேகமாகச் சுழலும் மையவிலக்கில் சாற்றைச் சுழற்றியபோதும் தொற்றுத்திறன் மேல்நீரிலேயே தங்கிவிட்டது. புரதத்தைப் பிரித்தெடுக்கும் பீனாலால் அது குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியும் அதனைத் தொடவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தவுடன் தொற்றுத்திறன் அழிந்தது. உறையற்ற நியூக்ளிக் அமிலத்தின் பண்புகள் இதற்கு உள்ளன என 1967ஆம் ஆண்டில் இருவரும் அறிவித்தனர்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் டீனர் எதிர்கொண்டவை நேர்மையான ஐயங்களே. செல்லின் சிதைப்பு நொதிகள் சூழ்ந்த நிலையில் உறையற்ற ஆர்.என்.ஏ. எவ்வாறு நிலைக்கும்? இது ஒரு பெரிய வைரசின் உடைந்த துண்டாக இருக்கக்கூடாதா? தானே பெருக இயலாமல், செடியில் ஏற்கெனவே மறைந்திருக்கும் துணை வைரஸ் ஒன்றின் நொதியைக் கடன்பெறும் துணைமூலக்கூறாக இருக்கக்கூடாதா? துணை வைரஸ் எதுவும் கண்டறியப்படாத செடிகளிலும் அது பெருகியது. மின்புல நகர்வில் தொற்றுத்திறன் தோன்றிய இடம், மிகச் சிறிய ஆர்.என்.ஏ. சென்றடையும் இடமாகவே இருந்தது. 1971ஆம் ஆண்டில் டீனர் இதற்கு ‘வைராய்டு’ எனப் பெயரிட்டார். வைரஸ் போன்றது, ஆயினும் வைரஸ் அன்று என்பது பொருள். மறு ஆண்டிலேயே, ஆடுகளின் ஸ்கிரேப்பி நோய்க்கும் வைராய்டு காரணமாகலாமோ என அவர் வினவினார். அந்த ஊகம் பிழைத்தது. ஸ்கிரேப்பிக்குக் காரணமான பிரியான், நியூக்ளிக் அமிலமற்ற புரதம் எனப் பின்னர் அறியப்பட்டது. புரதமற்ற நியூக்ளிக் அமிலம் ஒன்று, நியூக்ளிக் அமிலமற்ற புரதம் மற்றொன்று என, தொற்றுக்காரணிகளின் இரு எல்லைகள் இவ்வாறு ஒரே வினாவிலிருந்து கிளைத்தன.

வட்டமும் வடிவமும்

உறையற்ற ஆர்.என்.ஏ. செல்லில் எவ்வாறு நிலைக்கிறது என்ற வினாவுக்கு விடை 1976ஆம் ஆண்டில் கிடைத்தது. ஜெர்மனியில் ஹைன்ஸ் லுட்விக் சேங்கர் குழுவினர், வைராய்டு முனைகளற்ற மூடிய வட்டம் என்றும் அவ்வட்டம் தன்னுள் தானே இணைந்து தடித்த கோல்போல் மடிகிறது என்றும் நிறுவினர். (வரிசையறிதல் முறைகளுக்காக இருமுறை நோபல் பரிசு பெற்ற பிரெடெரிக் சேங்கர் வேறொருவர்.) இயற்கையில் இத்தகைய வட்ட ஆர்.என்.ஏ. இருப்பது அறியப்பட்டது அதுவே முதன்முறை. முனையிலிருந்து அரிக்கும் நொதிகளுக்கு வட்டத்தில் பற்றுக்கோடு இல்லை. கார இணைகளால் இறுகிய கோலில் ஒற்றையிழையைத் தேடும் நொதிகளுக்கும் இடம் குறைவு. புரத உறை செய்யும் காவலை இங்கே வடிவம் செய்கிறது.

1978ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கு வைராய்டின் 359 நியூக்ளியோடைடுகளும் வரிசைப்படுத்தப்பட்டன. உட்கருவுள்ள உயிர்களைத் தாக்கும் நோய்க்காரணி ஒன்றின் முழு மூலக்கூறு அமைப்பு வெளியானது அப்போதுதான். அவ்வரிசையில் புரத உருவாக்கத்தின் தொடக்கக் குறியனான ஏ.யு.ஜி. ஓரிடத்தில்கூட இல்லை. இனி, அதன் ‘செய்தி’ எங்கே இருக்கிறது?

கோலின் உடலில் இணைந்த பகுதிகளுக்கிடையே இணையாத சிறு வளையங்கள் உள்ளன. அமெரிக்காவில் பியாவ் டிங் குழுவினர் உருளைக்கிழங்கு வைராய்டின் 27 வளையங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். சில வளையங்களைக் குலைத்தபோது பெருக்கம் நின்றது. வேறு சிலவற்றைக் குலைத்தபோது ஒரு செல்லுக்குள் பெருகிய வைராய்டு அங்கிருந்து செடியின் பிற பகுதிகளுக்குச் செல்ல இயலாது போயிற்று. ஆக, வளையம் என்பது செல்லின் புரதங்கள் பற்றிக்கொள்ளும் பிடி. ரைபோசோம் படிக்கும் எழுத்துகளாக அன்றி, புரதங்கள் தொட்டறியும் உருவமாக வைராய்டின் செய்தி அமைந்துள்ளது எனலாம்.

உருவத்தில் நிகழும் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். இவ்வைராய்டின் மென்மையான திரிபுக்கும் கடுமையான திரிபுக்கும் இடையே சில நியூக்ளியோடைடுகளே வேறுபடுகின்றன. பொதுவாகப் புகையிலையில் பெருகாத ஒரு திரிபு, 259ஆம் இடத்தில் ஒரே ஒரு நியூக்ளியோடைடு மாறியதும் புகையிலையைத் தொற்றியது என 1996ஆம் ஆண்டில் வாசனெகர் குழுவினர் காட்டினர். ஒரு பயிருக்குள் அடங்கியிருக்கும் வைராய்டு அடுத்த பயிருக்குத் தாவ எவ்வளவு தொலைவு கடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் துல்லியமான அளவுகோல் அரிது.

கடன் வாங்கிய நொதிகள்

தற்போது வைராய்டுகள் இரு குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன. பாஸ்பிவிராய்டியே குடும்பத்தவை உட்கருவில் பெருகுகின்றன. உருளைக்கிழங்கு, தென்னை, ஹாப், சாமந்திக் குட்டை, எலுமிச்சை இன வைராய்டுகள் இதில் அடங்கும். அவ்சன்விராய்டியே குடும்பத்தவை பசுங்கணிகத்தில் பெருகுகின்றன. அவகாடோ, பீச் வைராய்டுகள் இதனைச் சேர்ந்தவை.

இரண்டிலும் பெருக்கம் உருள்வட்ட முறையில் நிகழ்கிறது. படியெடுக்கும் நொதி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் நீண்ட எதிரிழையை உருவாக்கும். பின்னர் உரிய நீளத்தில் வெட்டுதலும் முனைகளை இணைத்து மீண்டும் வட்டமாக்குதலும் நிகழும். உட்கருவில் இப்பணியைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேசு 2. செடியின் மரபணுக்களான டி.என்.ஏ.வைப் படிப்பதே இதன் இயல்பான தொழில். வைராய்டு அதனை ஆர்.என்.ஏ.வைப் படிக்கச் செய்கிறது. வெட்டுவதும் செடியின் நொதியே. இணைப்பது டி.என்.ஏ. லைகேசு 1, இதுவும் தன் பெயருக்கு மாறாக இங்கே ஆர்.என்.ஏ.வை இணைக்கிறது.

பசுங்கணிக வைராய்டுகளிடம் மட்டும் ஒரு சொந்தக் கருவி உண்டு. அவற்றின் இழையின் ஒரு பகுதி சுத்தியல்தலை போன்ற வடிவில் மடிந்து, புரத நொதி எதுவுமின்றித் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சைமன்ஸ் குழுவினர் அவகாடோ வைராய்டில் இதனை 1986ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆர்.என்.ஏ. நொதியாகவும் செயற்படும் என்ற புரிதல் அப்போதுதான் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. இதனை அடிப்படையாகக் கொண்டு, புரதங்கள் தோன்றுமுன் நிலவிய ஆர்.என்.ஏ. உலகின் எச்சங்களாக வைராய்டுகள் இருக்கலாம் என 1989ஆம் ஆண்டில் டீனர் முன்மொழிந்தார். கருதுகோள் கவர்ச்சியானது. ஆயினும் பாறையில் தடம் விடாத மூலக்கூறுகளின் தொன்மையை நேரடியாக நிறுவ வழியில்லை. உயர் தாவரங்களிலேயே நோய்க்காரணிகளாக அறியப்பட்டிருப்பதும் அக்கருதுகோளுக்கு எதிரான வலுவான வினா.

நோய் உண்டாகும் இடம்

பெருகுவது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. பல வைராய்டுகள் செடி முழுதும் நிறைந்திருந்தும் எக்கேடும் காட்டுவதில்லை. ஆதலால், செல்லின் நொதிகளை வைராய்டு தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் செடி நலிகிறது என்ற எளிய விளக்கம் நிற்கவில்லை.

இன்று வலுவாக உள்ள விளக்கம் மரபணு ஒடுக்கத்தை ஒட்டியது. இரட்டையிழை ஆர்.என்.ஏ.வைக் கண்டால் டைசர் என்னும் நொதி அதனை 21 முதல் 24 நியூக்ளியோடைடு நீளமுள்ள துணுக்குகளாக வெட்டும். அத்துணுக்குகளோடு பொருந்தும் ஆர்.என்.ஏ. எதுவாயினும் செல் அதனை அழிக்கும். வைரசுக்கு எதிரான செடியின் தற்காப்பு இது. வைராய்டின் கோல்வடிவம் டைசரின் பார்வையில் இரட்டையிழையே. வெட்டுப்பட்ட வைராய்டுத் துணுக்கு ஒன்று தற்செயலாகச் செடியின் சொந்த மரபணுச் செய்தியோடு பொருந்திவிட்டால், செடியின் தற்காப்பு செடியின் மீதே பாய்கிறது.

பீச் மரத்தில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. பீச் வைராய்டின் ஒரு திரிபில் 12 அல்லது 13 நியூக்ளியோடைடுகள் கொண்ட சிறு செருகல் உண்டு. அச்செருகலிலிருந்து பிறக்கும் துணுக்குகள், பசுங்கணிக வளர்ச்சிக்கு வேண்டிய வெப்ப அதிர்ச்சிப் புரதம் 90இன் செய்தியை வெட்டுகின்றன. இலை வெளுத்துப்போகிறது. செருகல் இல்லாத திரிபு அதே மரத்தில் இருந்தாலும் இலை பச்சையாகவே இருக்கும். 2012ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, ஒரு வைராய்டின் குறிப்பிட்ட சில எழுத்துகளையும் கண்ணால் காணும் ஓர் அறிகுறியையும் நேராக இணைத்தது. பிற வைராய்டு நோய்கள் யாவும் இவ்வளவு தெளிவாக விளக்கப்பட்டுவிட்டன எனக் கொள்வது மிகையாகும்.

மரபணு ஒடுக்க இயலே வைராய்டுக்குக் கடன்பட்டுள்ளது என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. வைராய்டு வரிசையைப் புகையிலையின் மரபுத்தொகுதியில் செருகி, வைராய்டு பெருகத் தொடங்கியதும் அச்செருகிய டி.என்.ஏ. மட்டும் மெத்திலேற்றம் பெறுவதை 1994ஆம் ஆண்டில் வாசனெகரும் சேங்கரும் உடன்பணியாளரும் கண்டனர். ஆர்.என்.ஏ. வழிநடத்தும் டி.என்.ஏ. மெத்திலேற்றம் என்ற துறை இந்த வைராய்டுச் சோதனையில் தொடங்கியது.

காடாங்-காடாங்: ஒரு தென்னையின் நீண்ட இறப்பு

பிலிப்பைன்சின் லூசோன் தீவின் தென்பகுதியான பிக்கோல் வட்டாரத்தில் ‘கடான்’ என்ற சொல்லுக்கு இறப்பு என்பது பொருள். அதன் இரட்டைக்கிளவியிலிருந்து பிறந்ததே ‘காடாங்-காடாங்’ என்னும் நோய்ப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல்பாய் மாநிலத்தின் சான் மிகேல் தீவில் நோய் கவனிக்கப்பட்டது. அத்தீவின் பெருந்தோட்டம் சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேற்பட்ட தென்னைகள் இந்நோயால் மடிந்திருக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

நோயின் கொடுமை அதன் மெதுவான நடையில் உள்ளது. பொதுவாகக் காய்ப்புக்கு வந்த மரங்களிலேயே இது புலப்படும். முதலில் காய் உருமாறும்: நீள்வாக்கு குறைந்து உருண்டையாகி, நடுப்பகுதியைச் சுற்றிக் கீறல் தழும்பு தோன்றும். ஓலைகளில் மஞ்சள் புள்ளிகள் தென்படும். காய்ப்பு இன்னும் இருப்பதால் உழவர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சில ஆண்டுகளில் பாளை கருகி, குரும்பை பிடிப்பது நின்றுபோகும். அதன் பின்னும் மரம் நிற்கும். ஓலைகள் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, கொண்டை சூம்பி, இறுதியில் குருத்து சாயும். முதல் அறிகுறிக்கும் இறப்புக்கும் இடையே, மரத்தின் வயதைப் பொறுத்து, ஏறத்தாழ 8 முதல் 16 ஆண்டுகள் கழியும். காய்க்காத மரத்தை வெட்டுவதா, மீளும் எனக் காத்திருப்பதா என்ற தயக்கத்தில் ஓர் உழவர் குடும்பம் அந்த ஆண்டுகளைக் கடக்கிறது. இழப்பு ஒரே நாளில் வரும் புயலைப்போல் கணக்கில் ஏறுவதுமில்லை.

மண், ஊட்டச்சத்து, பூச்சி, பூஞ்சை, வைரஸ் எனக் காரணம் பலவாறு தேடப்பட்டது. அடிலெய்டைச் சேர்ந்த ஜான் ராண்டில்ஸ், நோயுற்ற மரங்களில் மட்டும் காணப்படும் இரு ஆர்.என்.ஏ. வகைகளை 1975ஆம் ஆண்டில் அறிவித்தார். 1982ஆம் ஆண்டில் அவற்றின் வரிசை வெளியானது. மிகச் சிறிய வடிவம் 246 நியூக்ளியோடைடுகள் மட்டுமே கொண்டது. அறியப்பட்ட வைராய்டுகளுள் இதனினும் சிறியது இல்லை. அது புரதத்தைக் குறிப்பதாகவே வைத்துக்கொண்டாலும் 82 அமினோ அமிலங்களுக்கு மேல் குறிக்க இடமில்லை.

இவ்வைராய்டின் தனித்தன்மை, நோயின் நடையோடு மூலக்கூறும் மாறுவது. தொடக்க நிலையில் 246 அல்லது 247 நியூக்ளியோடைடு கொண்ட சிறிய வடிவம் மிகுந்திருக்கும். நோய் முற்ற முற்ற, கோலின் ஒரு முனையில் 41 முதல் 55 நியூக்ளியோடைடுகள் வரையான பகுதி இரட்டிப்பாகி 287 முதல் 301 வரை நீண்ட வடிவங்கள் மேலோங்கும். ஒரு மரத்தின் ஓலையில் உள்ள ஆர்.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தே அம்மரம் நோயின் எந்தக் கட்டத்தில் உள்ளது எனக் கூற இயலும்.

எனினும் மரத்திலிருந்து மரத்துக்கு இந்நோய் இயற்கையில் எவ்வாறு பரவுகிறது என்பது விளங்கவில்லை. விதை வழியும் மகரந்தம் வழியும் பரவுதல் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. கடத்தும் பூச்சி எதுவும் உறுதிப்படவில்லை. நோயுற்ற மரங்களை வெட்டியகற்றுதலும் பரவலை நிறுத்தவில்லை. மறுநடவே உழவருக்கு எஞ்சிய வழியாயிற்று. குவாம் தீவின் தென்னையில் காணும் டினங்காஜா நோய்க்கு இதன் நெருங்கிய உறவான 254 நியூக்ளியோடைடு வைராய்டு காரணம். மலேசியாவின் எண்ணெய்ப் பனையிலும் காடாங்-காடாங் வைராய்டின் திரிபுகள் கண்டறியப்பட்டுள்ளன.

தென்னிந்தியத் தென்னை நோய்களோடு இதனை ஒப்பிடுகையில் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கேரள வேர்வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா. தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் கானோடெர்மா பூஞ்சை. பைட்டோபிளாஸ்மாவுக்கு ரைபோசோம் உண்டு. ஆகவே டெட்ராசைக்ளின் அதனைத் தற்காலிகமாகவேனும் அடக்கும். பூஞ்சைக்கு உரிய மருந்துகள் உள. வைராய்டில் மருந்து தாக்குவதற்குரிய உறுப்பே இல்லை. அதன் நொதிகள் யாவும் மரத்தின் நொதிகள்.

அறிகுறி காட்டாத வீடுகள்

தென்னையில் பரவும் வழி மறைந்திருக்க, பிற பயிர்கள் பலவற்றில் அது வெளிப்படையானது. வெட்டுக்கத்தி, ஒட்டுக்கிளை, தண்டுத்துண்டு, விதைக்கிழங்கு என மனிதக் கையே வைராய்டின் முதன்மைக் கடத்தி.

சாமந்திக் குட்டை நோய் 1945ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கவனிக்கப்பட்டது. செடி குறுகி, பூ சிறுத்து, உரிய காலத்துக்கு முன்பே மலரும். சில தாய்ச்செடிகளிலிருந்து தண்டுத்துண்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டி விற்பது சாமந்தி வாணிகத்தின் அடிப்படை. தாய்ச்செடி ஒன்றில் வைராய்டு இருந்தால் துண்டுதோறும் அது இருக்கும். வெட்டும் கத்தி அடுத்த தாய்ச்செடிக்கும் அதனைச் சேர்க்கும். 1940களின் இறுதிக்குள் நோய் வட அமெரிக்கப் பசுமைக்குடில்களில் பரவிவிட்டது.

அலங்காரச் செடிகளின் அபாயம் அவை நோயுறுவதில் இல்லை; நோயுறாமல் இருப்பதில்தான் உள்ளது. கொலம்னியா என்ற தொங்குசெடியில் அறிகுறியின்றி உறைந்திருந்த வைராய்டு, தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் சேர்ந்தபோது கடும் நோய் விளைவித்தது. 2000களின் நடுவில் நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த புருக்மேன்சியாவிலும் வெண்மலர்க் கொடியான சொலானம் ஜாஸ்மினாய்டிசிலும் உருளைக்கிழங்கு வைராய்டு பரவலாக இருப்பதை வெளிப்படுத்தின. செடிகள் நலமாகவே தோன்றின. அவற்றை ஐயுற எவருக்கும் காரணமில்லை. தக்காளிப் பசுமைக்குடில்களில் அவ்வப்போது வெடித்த நோயின் வைராய்டு வரிசைகளை ஒப்பிட்டபோது, மூலம் இத்தகைய அலங்காரச் செடிகளே என்ற முடிவு வலுப்பெற்றது.

பயிர்விட்டுப் பயிர் தாவுதலுக்கு மிக நுட்பமான சான்று ஜப்பானின் ஹாப் பயிர். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடியில் 1940, 50களில் குட்டை நோய் பரவியது. திராட்சை, எலுமிச்சை இனம், பிளம் ஆகியவற்றிலும் அதே வைராய்டு காணப்பட்டதால் மூலம் எது என்பது வினாவாயிற்று. ஜப்பானிய ஆய்வாளர் இவ்வெவ்வேறு மூலங்களின் வைராய்டுகளை ஹாப்பில் செலுத்தி 15 ஆண்டுகள் வளர்த்தனர். திராட்சையிலிருந்து வந்த வைராய்டு மெல்ல மாறி, தோட்டங்களில் நோய் விளைவிக்கும் வடிவத்தையே சென்றடைந்தது. திராட்சையில் அது அறிகுறி காட்டாத குடியிருப்பாளி. இத்தகைய வினாவுக்கு மூன்றாண்டுத் திட்டத்தில் விடை காண இயலாது என்பதை ஆய்வு நல்கைகளை வகுப்போர் கருதுதல் நன்று.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. இந்தியத் தக்காளியின் கொத்துநுனி நோய்க்குக் காரணம், எலுமிச்சை இனத்தின் பட்டை உரிதல் நோயை விளைவிக்கும் எக்சோகார்டிஸ் வைராய்டின் தனித்த திரிபு என மிஸ்ரா, டீனர் முதலியோர் 1991ஆம் ஆண்டில் நிறுவினர். ஒரே வைராய்டு ஒரு தோட்டத்தில் மரநோய், அடுத்த வயலில் காய்கறி நோய்.

தீமையே எங்கும் விளைவு என்பதுமில்லை. ஆஸ்திரேலியாவில், மூவிலை ஆரஞ்சு அடிச்செடியில் ஒட்டிய எலுமிச்சை இன மரங்களில் தேர்ந்தெடுத்த வைராய்டுகளை வேண்டுமென்றே செலுத்தி மரத்தைக் குட்டையாக்கி, நெருக்கி நட்டனர். ஓர் அடிச்செடியில் நன்மை பயப்பது மற்றோர் அடிச்செடியில் பட்டையை உரிக்கக்கூடும் என்பதால் இம்முறை பரவலாகவில்லை.

நோயறிதலும் தடுப்பும்

வைரஸ் நோயறிதலில் விதைச்சான்று நிலையங்கள் பெரிதும் நம்புவது எலைசா முறையை. உறைப்புரதத்தை எதிர்ப்புரதம் கொண்டு பற்றுவது அதன் அடிப்படை. வைராய்டில் பற்றுவதற்குப் புரதம் இல்லை; ஆகவே எலைசாவில் ‘நோயில்லை’ என வரும் முடிவு வைராய்டைப் பற்றி எதையும் கூறாது. மின்னணு நுண்ணோக்கியில் தேடினும் இலைச்சாற்றில் துகள் தென்படாது. தொடக்கத்தில் தக்காளிச் செடியே ஆய்வுக்கருவி. பின்னர் வட்ட ஆர்.என்.ஏ. பிற ஆர்.என்.ஏ.க்களினின்று மாறுபட்டு நகர்வதைப் பயன்படுத்தும் மீள்நகர்வு மின்புல முறை வந்தது. 1981ஆம் ஆண்டில் ஓவன்சும் டீனரும் வைராய்டோடு பொருந்தும் டி.என்.ஏ. ஆய்வியைக் கொண்டு, சவ்வில் இட்ட ஒரு சொட்டுச் சாற்றிலேயே வைராய்டைக் காணும் முறையை வெளியிட்டனர். பல நூறு கிழங்குகளை ஒரே நேரத்தில் சோதிக்க இது வழிசெய்தது. இன்று ஆர்.டி.-பி.சி.ஆர். முறை பரவலாக உள்ளது. இந்த முறைகள் அனைத்தும் நியூக்ளிக் அமிலத்தை நேரடியாகத் தேடுபவை. புரதச் சோதனைக்கென அமைந்த ஆய்வகத்தில் இவற்றுக்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும்.

நோயுற்ற செடியை மீட்பதும் கடினம். வைரசை நீக்கப் பயன்படும் வெப்பமூட்டல் வைராய்டிடம் தோற்கிறது. வெப்பத்தில் சில வைராய்டுகள் மேலும் செழிக்கின்றன. மாறாக, நீண்ட காலம் குளிரில் வைத்து, பின் நுனி ஆக்குத்திசுவை வளர்த்தெடுக்கும் முறை ஓரளவு பயன் தந்துள்ளது. கத்தியை ஆல்கஹாலில் துடைப்பது போதாது. சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் நனைப்பதே நம்பத்தக்கது. அது இரும்பை அரிக்கும் என்பதால் தோட்டத் தொழிலாளர் அதனை விரும்புவதில்லை.

வைரசும் சிலவிடத்து வைராய்டுக்கு ஊர்தியாகிறது. உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரசும் வைராய்டும் ஒரே செடியில் இருந்தால், வைரசின் புரத உறைக்குள் வைராய்டும் பொதியப்பட்டு அசுவினியால் கடத்தப்படும். சொந்த உறையில்லாதது பிறர் உறையில் பயணம் செய்கிறது. ஆகவே விதைக்கிழங்கு வயலில் அசுவினியைக் கட்டுப்படுத்துவது வைரசுக்காக மட்டுமன்று.

உயர்திறன் வரிசையறிதல் பரவியபின், மண், பூஞ்சை, நுண்ணுயிர்க் கூட்டங்கள் ஆகியவற்றின் தரவுகளில் வைராய்டு போன்ற வட்ட ஆர்.என்.ஏ. வரிசைகள் பெருமளவில் கிடைத்துவருகின்றன. மனித உடலில் வாழும் பாக்டீரியங்களோடு தொடர்புடைய ‘ஒபெலிஸ்க்’ எனும் வட்ட ஆர்.என்.ஏ.க்கள் 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 1,000 நியூக்ளியோடைடு நீளமுடையவை, புரதத்தைக் குறிப்பவை. ஆகவே டீனரின் வரையறைப்படி அவை வைராய்டுகள் அல்ல. புரதத்தைக் குறிக்காத வட்டம் ஒன்று தரவில் கிடைத்தாலும், அதனைத் தூய்மையாகப் பிரித்தோ செயற்கையாக ஆக்கியோ நலமான ஓம்புயிரில் செலுத்தி, அது துணையின்றிப் பெருகுவதைக் காட்டும்வரை வைராய்டு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. அச்சோதனைக்கு இன்றும் ஒரு செடியும் சில வாரக் காத்திருப்பும் தேவைப்படுகின்றன.